கொழுந்து பறிக்கிற அக்கா அன்றைக்கே சொன்னார்

மண்ணில் குழாயை இறக்கித் தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு வேகமாக உள்ளே இறங்குகிறது என்று மூன்று தடவை அளந்தோம், மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வந்தது. அந்த தைரியத்தில் நானும் என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரும் மாவட்ட அளவிலான ஓர் அறிவியல் போட்டிக்குப் போய், சார்ட்டை மாட்டிவிட்டு, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும் என்கிற நினைப்பில் நின்றுகொண்டிருந்தோம். நடுவராக வந்த மேடம் எங்கள் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த போட்டோவைத்தான் பார்த்தார்.

"இந்தக் குழாய் எங்கப்பா நிக்குது?"

"தேயிலைத் தோட்டத்துல மேடம்."

"தோட்டத்துல எங்க?"

பையன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் போட்டோவைப் பார்த்தேன். இரண்டு செடி வரிசைக்கு நடுவே, கொழுந்து பறிக்கிறவர்கள் வருஷக்கணக்கில் கூடையோடு நடந்து நடந்து சிமெண்டுத் தரை மாதிரி ஆக்கி வைத்திருக்கிற தடத்தில் குழாய் நின்றுகொண்டிருந்தது. மூன்று இடத்திலும் அப்படித்தான். செடிக்குள் குனிந்து நுழைய முடியாது, கை கால் எல்லாம் கீறும், தடம்தான் வசதி. நாங்கள் அளந்தது தேயிலைத் தோட்டத்தை இல்லை, நடைபாதையை. "தேயிலை நிலத்தில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தோம்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். எங்கள் கேள்வி எளிமையானது. மழை பெய்தால் எந்த நிலம் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே வாங்கிக்கொள்கிறது, சோலையா (மலையில் இயற்கையாக வளர்ந்த காடு), தேயிலையா, கற்பூர மரக் காடா (யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்), காய்கறித் தோட்டமா? இந்த நீலகிரி மலையில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மழையில் மலையில் எத்தனையோ இடத்தில் மண் சரிந்து உயிர்கள் போயின. என் மாணவர்கள் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் அந்த வாரத்தைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. (தண்ணீர் உள்ளே இறங்கினால் மட்டும் நல்லது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செங்குத்தான சரிவில் மண் அளவுக்கு மீறி ஊறினாலும் சரியும். அது வேறு பாடம்.)

கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. பிளம்பர் வெட்டிப் போட்ட நாலு அங்குல பிவிசி குழாய்த் துண்டு, ஒரு அடி நீளம். ஒரு முனையை அரத்தால் ராவிக் கூராக்கிக்கொண்டு, மேலே பலகையை வைத்துச் சுத்தியலால் தட்டி நாலு விரல் ஆழத்துக்கு மண்ணில் இறக்குவது. உள்ளே ஒரு ஸ்கேல். தண்ணீரை ஊற்றி, அஞ்சு சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று போனில் பார்ப்பது. அவ்வளவுதான்.

இதில் எனக்கு ரொம்ப உறைத்த விஷயம், நாங்கள் அளந்துகொண்டிருந்த அன்றைக்கே அடுத்த வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "ஏன் தம்பி, நாங்க மிதிச்சு மிதிச்சுக் கல்லாக்கி வச்சிருக்கற வழியில தண்ணி எறங்குதான்னு பாக்கறீங்களே, அந்தாண்ட செடிக்கு அடியில பாக்கக் கூடாதா?" நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அப்புறம் ஸ்கேலைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டோம். நடுவர் மேடம் கேட்டதும் அதே கேள்விதான், ஐந்து வாரம் கழித்து.

பி.எட். படித்தவர்களுக்கு நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்ற இரண்டு வார்த்தையும் மனப்பாடம். திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே விடை வந்தால் நம்பகம். எதை அளக்க நினைத்தோமோ அதையே அளந்தால் ஏற்புடைமை. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வினாத்தாள் தயாரிப்பதோடு அந்தப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டேன், அது களத்தில் குழாயோடு நிற்கும்போது நினைவுக்கு வரவேயில்லை.

இப்போது பிள்ளைகளுக்கு இதை ஈர இலையை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கொஞ்சமாவது தேயிலை இருக்கிறது. மழை நாளில் பறித்த பச்சைத் தேயிலையைத் தராசில் போட்டால் 42 கிலோ. இறக்கிவிட்டு மறுபடி போட்டாலும் 42. தராசில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏஜென்ட் ஒத்துக்கொள்வாரா? ஈரத்துக்கு என்று கிலோ கணக்கில் கழிப்பார். ஏனென்றால் அந்த 42 என்பது இலையின் எடை இல்லை, இலையும் மழைத் தண்ணீரும் சேர்ந்த எடை. எத்தனை முறை தராசில் ஏற்றினாலும் தண்ணீர் அதிலிருந்து பிரியாது. எவ்வளவு கழிப்பது என்பதில் வீட்டுக்கும் ஏஜென்டுக்கும் தினசரி சண்டை, அந்தச் சண்டைதான் ஏற்புடைமை என்று சொன்னேன். அதற்கப்புறம் யாருக்கும் அந்த வார்த்தையை விளக்க வேண்டி வரவில்லை.

போட்டியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் யாரும் பேசவில்லை. மறுநாள் மதியம் களக் குறிப்பேட்டை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, நடுவர் மாதிரி நாமே கேள்வி கேட்கலாம் என்று உட்கார்ந்தோம். ஒரு ஓட்டையைத் தேடினால் நாலு கிடைத்தது.

முதலாவது சோலை. லாங்வுட் சோலை எங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை, 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம், ஆனால் அது காப்புக்காடு, அனுமதி இல்லாமல் உள்ளே போய்க் குழாய் அடிக்க முடியாது. அதனால் ஊரை ஒட்டி மிச்சம் இருக்கிற ஒரு சோலைத் துண்டின் ஓரத்தில்தான் அளந்தோம். அது பரவாயில்லை, எழுதியும் வைத்திருந்தோம். பிரச்சினை அட்டை. ஜூலை மாதச் சோலையில் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் காலில் எத்தனை ஏறும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் ஒரே ஒரு முறை தண்ணீர் ஊற்றி, இறங்கியதும் எழுதிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். தேயிலையிலோ சாவகாசமாக உட்கார்ந்து மூன்று தடவை ஊற்றி, மூன்றாவது எண்ணை எழுதியிருந்தார்கள். முதல் ஊற்றில் தண்ணீர் எங்கேயும் வேகமாகத்தான் போகும். மண்ணின் மேல் பகுதி நனைய நனைய வேகம் குறைந்து ஒரு நிலைக்கு வரும். அந்த நிலையான வேகத்தைத்தான் ஒப்பிட வேண்டும். ஆக, சோலை ஜெயித்ததில் எவ்வளவு பங்கு சோலைக்கு, எவ்வளவு பங்கு அட்டைக்கு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கற்பூர மரக் காடு. இதை அளந்தது ஏப்ரல் லீவில், சோலையை அளந்தது ஜூலையில். ஏப்ரலில் கற்பூர மரத்தடி மண் எப்படி இருக்கும் தெரியுமா? சருகை ஒதுக்கிவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சேம்பு இலையில் நிற்கிற மாதிரி உருண்டையாக நிற்கும், தூசியைப் போர்த்திக்கொண்டு உருளும். அந்த இலையில் உள்ள எண்ணெயும் மெழுகும் காய்ந்த மண்ணைத் தண்ணீர் ஒட்டாத மாதிரி ஆக்கிவிடுகிறது. மழைக்காலத்தில் மண் நன்றாக நனைந்த பிறகு அந்தக் குணம் பெரும்பாலும் போய்விடும். எங்கள் குழாயில் தண்ணீர் அப்படியே நின்றதற்கு மரம் காரணமா, மாதம் காரணமா? இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எதுவென்று கண்டுபிடிக்க வழியே கிடையாது.

மூன்றாவது காய்கறித் தோட்டம், கேரட்டுக்காக முந்தின நாள்தான் கொத்திவிட்டிருந்தார்கள். கொத்திய மண்ணில் தண்ணீர் மளமளவென்று போனது. ரெண்டு மழை அடித்து மேல்மண் ஏடு கட்டியபின் போய் அளந்திருந்தால் கதை வேறு.

நாலாவதை அப்புறம் சொல்கிறேன்.

இங்கே ஒரு சின்னப் புலம்பல். பிள்ளைகள் எழுதுகிற களப்பணி அறிக்கையில் கடைசிப் பக்கத்தில் 'மதிப்பீடு' என்று ஒன்று வரும். நூற்றுக்குத் தொண்ணூறு அறிக்கையில் அதில் இருப்பது இதுதான்: "மனிதப் பிழைகள் ஏற்பட்டிருக்கலாம். இன்னும் அதிக இடங்களில் அளந்திருந்தால் முடிவு துல்லியமாக இருந்திருக்கும். வானிலை ஒத்துழைக்கவில்லை." இதை எந்தப் புராஜெக்டின் கடைசியில் ஒட்டினாலும் பொருந்தும், ஆற்றை அளந்தாலும் சரி, சந்தையில் ஆள் எண்ணினாலும் சரி. எங்கள் முதல் அறிக்கையிலும் அதே மூன்று வரி இருந்தது, நான்தான் எழுதச் சொன்னேன். அதைவிட மோசம், அதிக இடங்களில் அளந்திருந்தால் சரியாகியிருக்கும் என்பது எங்கள் விஷயத்தில் பொய். தடத்திலேயே இன்னும் முப்பது இடத்தில் குழாய் அடித்திருந்தால் தப்பான விடை இன்னும் உறுதியாக வந்திருக்கும்.

இப்போது அந்தப் பக்கத்துக்கு நான் கேட்பது வேறு. எந்தப் பிழை, அது எண்ணைக் கூட்டுமா குறைக்குமா, எல்லா இடத்திலும் ஒரே அளவு பாதிக்குமா ஒரு இடத்தை மட்டுமா, அதைத் திருத்தினால் உங்கள் முடிவு தலைகீழாக மாறுமா மாறாதா. உதாரணத்துக்கு எங்கள் ஒற்றைக் குழாய். அதில் ஊற்றுகிற தண்ணீர் நேராகக் கீழே மட்டும் போகாது, குழாயின் அடியிலிருந்து பக்கவாட்டிலும் பரவும், அதனால் உண்மையைவிட வேகமாக இறங்குகிற மாதிரி காட்டும். குழாய் சிறிசாக ஆக ஆக இந்தப் பிழை பெரிசு. அதனால்தான் முறையாகச் செய்கிறவர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம் வைக்கிறார்கள், உள்ளே 30 சென்டிமீட்டர் விட்டம், வெளியே 60. வெளி வளையத்துத் தண்ணீர் பக்கவாட்டில் போக, உள் வளையத்துத் தண்ணீர் நேராக இறங்கும். எங்களிடம் அது இல்லை. ஆனால் இந்தப் பிழை நாலு இடத்திலும் எண்ணைக் கூட்டத்தான் செய்யும். ஆகவே 'மணிக்கு இத்தனை மில்லிமீட்டர்' என்று நாங்கள் அடித்துச் சொன்னது தப்பு, 'இதைவிட அது வேகம்' என்று சொல்வதற்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இப்படி ஒரு பத்தி எழுதுகிற பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன், முடிவு எதுவாக இருந்தாலும்.

அடுத்த வருஷம் அதே புராஜெக்ட்டை மறுபடி செய்தோம். ஹெட்மாஸ்டர் "வேற தலைப்பு கெடைக்கலையா சார்" என்றார். பிள்ளைகளில் மூன்று பேர் பழையவர்கள், இரண்டு பேர் புதியவர்கள். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரே தோட்டம், ஒரே மாதம், மழை விட்டு இரண்டு நாள் கழித்து மட்டும் அளப்பது என்று முடிவு செய்தோம். அட்டைக்குப் புகையிலைத் தண்ணியும் உப்பும்.

இடத்தை யார் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. நம் கண் தேர்ந்தெடுத்தால் அது எப்போதும் வசதியான இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கும், சமதளமான, நிழலான, முள் இல்லாத இடத்தை. அதனால் சீட்டுக் குலுக்கினோம். தோட்டத்தின் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, எத்தனை காலடி குறுக்கே, எத்தனை காலடி மேலே என்று டிபன் பாக்ஸில் இரண்டு வகைச் சீட்டு. சீட்டு சொன்ன இடத்துக்குப் போய்ப் பார்த்தால் முதல் இடம் பாறை. இரண்டாவது இடம் செடியின் நட்ட நடுவில். இங்கேதான் மறுபடி கண் வேலையைக் காட்டும், "பக்கத்துல நல்ல இடமா பாத்து வை" என்று யாராவது சொல்வார்கள் (சொன்னது நான்தான்). கிளம்புவதற்கு முன்பே ஒரு விதி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது. எங்கள் விதி: பாறையாக இருந்தால் வலப்பக்கம் ஒரு காலடி, அதுவும் பாறை என்றால் இன்னொன்று, செடி என்றால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. விதி நல்லதா கெட்டதா என்பது இரண்டாம் பட்சம், அது இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எழுதியதாக இருக்க வேண்டும்.

தடமும் செடியடியும் வேறு வேறு நிலம் என்று ஒத்துக்கொண்டு இரண்டையும் தனித்தனியாக அளந்தோம். ஆனால் தோட்டத்துக்கு என்று ஒரே எண் வேண்டுமானால் தடம் எவ்வளவு, செடியடி எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு பெண் யோசனை சொன்னாள், வரிசைக்குக் குறுக்கே 20 மீட்டர் கயிற்றைப் போட்டு, மீட்டருக்கு ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சும் எதன்மேல் விழுகிறது என்று எண்ணுவது. 20 முடிச்சில் ஆறு தடத்தில் விழுந்தது. போன வருஷம் அந்த ஆறை வைத்துக்கொண்டு இருபதுக்கும் பேசியிருக்கிறோம் என்று அவளே சொன்னாள். செடியடியில் தண்ணீர் தடத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் போனது. சருகும் கவாத்துக் குச்சியும் மக்கி, மண் பஞ்சு மாதிரி இருந்தது. அந்த அக்காவைத் தேடிப்போய்ச் சொல்லலாம் என்று பார்த்தோம், அவர் அந்த வாரம் வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தார்.

வெளி வளையத்துக்குப் பெயின்ட் வாளி. இருபது லிட்டர் வாளியின் அடியை அறுத்து எடுத்துவிட்டு மண்ணில் பதித்து, நடுவில் பழைய குழாய். அழகாக இல்லை, வேலை செய்தது. நேரம் பார்ப்பதில் இன்னொரு ஓட்டை இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஒருவன் தண்ணீர் ஊற்ற ஆரம்பிக்கும்போது போனை அழுத்துவான், இன்னொருத்தி ஊற்றி முடித்தபின் அழுத்துவாள். இரண்டு பேரையும் ஒரே குழாய்க்கு எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே எழுதச் சொன்னோம். வேகமாக இறங்குகிற சோலை மண்ணில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது, தடத்தில் தெரியவே இல்லை. 'தண்ணீர் இந்தக் கோட்டைத் தொடும்போது' என்று ஒரு சிவப்புக் கோடு போட்டதும் சரியாகிவிட்டது. ஒரு கோடு, அஞ்சு ரூபாய் மார்க்கர்.

காய்கறித் தோட்டத்தில் ஒரு குழாயில் ஊற்றிய தண்ணீர் கண் மூடித் திறப்பதற்குள் காணோம். கீழே எலி வளை. எல்லோரும் "சார், இத விட்ரலாம்" என்றார்கள். விடலாமா? அந்த ஒரு எண்ணால் சராசரி எங்கேயோ போய்விடுகிறது என்பது நிஜம். ஆனால் பிடிக்காத எண்ணையெல்லாம் விட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? அதோடு, சோலை மண்ணில் தண்ணீர் இறங்குவதே பெரும்பாலும் இந்த மாதிரி ஓட்டைகள் வழியாகத்தான், செத்த வேர் விட்டுப்போன குழல், மண்புழு போன வழி. அங்கே அதை வைத்துக்கொண்டு இங்கே எலி வளையை மட்டும் தள்ளுவது என்ன நியாயம்? வைத்துக்கொள்வோம், சராசரிக்குப் பதில் எண்களை வரிசைப்படுத்தி நடுவில் வருகிறதை எடுப்போம், எலி வளையைக் குறிப்பில் எழுதுவோம் என்று தீர்மானம். வகுப்பில் இடைநிலை அளவு எதற்கு என்று இத்தனை வருஷம் நான் சொல்லியும் ஏறாதது, அந்த எலி சொன்னதும் ஏறிவிட்டது.

சரி, அந்த நாலாவது ஓட்டை. முதல் வருஷக் குறிப்பேட்டில் கற்பூரக் காட்டின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏதோ உறுத்தியது. மற்ற பக்கங்களில் எல்லாம் 7 நிமிஷம் 13 விநாடி, 11 நிமிஷம் 48 விநாடி என்று கண்டபடி இருக்க, ஒரு பக்கத்தில் மட்டும் எல்லாம் 20, 25, 20, 30. பென்சில் எழுத்தும் ஒரே சீராக, உள்ளங்கை ஈரம் படாமல், மண் கறை இல்லாமல். அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அன்றைக்கு அவன் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டான், மற்றவர்கள் முதல் இரண்டு இடத்தை முடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். "ஏண்டா சொல்லலை?" என்றதற்கு, "காலியா இருந்தா நீங்க திட்டுவீங்க சார்" என்றான். திட்டியிருப்பேன். அதற்கு முந்தின மாதம்தான் வேறொருத்தியைக் காலி கட்டத்துக்காக எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தேன்.

அவனுக்கு நான் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. குறிப்பேட்டு முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதி ஒட்டினேன்: "அளக்கவில்லை என்றால் கோடு போடு, காரணம் எழுது, மதிப்பெண் உண்டு." கள எண்ணை வீட்டில் போய் நகல் எடுத்து எழுதக் கூடாது, மண் கறையோடு அந்தத் தாளே வர வேண்டும் என்பதும் அப்போது போட்ட விதிதான். கறைதான் அத்தாட்சி. இரண்டாம் வருஷக் குறிப்பேட்டில் ஒன்பது கோடுகள் இருந்தன.

பிள்ளைகள் ஒரு கட்டத்தில், "அப்போ யாராலயும் எதையும் நிரூபிக்க முடியாதா சார்?" என்று சோர்ந்துபோய்க் கேட்டார்கள். ஊட்டிப் பக்கம் இருக்கிற க்ளென்மார்கன் கதையைச் சொன்னேன். கற்பூர மரம் நட்டால் ஓடைத் தண்ணீர் குறைகிறதா என்று ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் பார்க்க நினைத்தபோது, ஒரு கற்பூரக் காட்டையும் ஒரு புல்வெளியையும் ஒப்பிட்டு அவசரமாக முடிவு எழுதவில்லை. அடுத்தடுத்து இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர், இரண்டுமே புல்லும் சோலையும். 1968-இலிருந்து நாலு வருஷம் ஒரு மரமும் நடாமல் இரண்டு ஓடையையும் வெறுமனே அளந்துகொண்டிருந்தார்கள். ஒன்றில் இவ்வளவு ஓடினால் மற்றதில் எவ்வளவு ஓடும் என்ற உறவு தெரிந்த பிறகுதான், 1972-இல் ஒன்றில் மட்டும் மரம் நட்டார்கள். பத்து வருஷத்தில் ஓடை நீர் சராசரியாக 16% குறைந்தது என்று அவர்கள் சொன்னபோது, அது இயல்பாகவே தண்ணீர் குறைந்த ஓடையோ என்று யாரும் கேட்க முடியாது. நாலு வருஷம் சும்மா அளந்ததுதான் அந்த எண்ணுக்குப் பலம். நம்மால் நாலு வருஷம் முடியாது, ஆனால் நட்ட காட்டையும் நடாத காட்டையும் ஒப்பிடுமுன் இரண்டும் முன்பு ஒரே மாதிரி இருந்ததா என்றாவது ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கலாம். கேட்டோம். கற்பூரக் காடு நின்ற இடம் முன்பு உருளைக்கிழங்குத் தோட்டம் என்றார்கள். மேல்மண் போனது மரத்தாலா, அதற்கு முன்னால் போட்ட கிழங்காலா? அதையும் எழுதினோம்.

இந்தச் சூட்டோடு பள்ளியில் மழைமானியும் வைத்தோம். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் கழுத்தை அறுத்துக் கவிழ்த்து வைக்கிற, எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சாமான். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, பூஜ்யக் கோடு வரை தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சின்ன மழையெல்லாம் தப்பாகத் தெரியும். முதல் மாதம் எங்கள் கணக்கையும் பக்கத்து எஸ்டேட் ஆபீசின் மழைக் கணக்கையும் ஒப்பிட்டபோது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எங்களுக்கு 12-ஆம் தேதி பெருமழை, அவர்களுக்கு 12-இல் ஒன்றுமில்லை, 13-இல் பெருமழை. பாட்டில் மேல் சந்தேகப்பட்டு இரண்டு தடவை மாற்றினோம். பாட்டில் மேல் தப்பில்லை. அவர்கள் வானிலைத் துறை வழக்கப்படி காலை 8.30-க்கு அளந்து, முந்தின 24 மணி நேர மழையை அளந்த நாளின் தேதியில் எழுதுகிறார்கள். நாங்கள் காலையில் அளந்து, "நேத்து பெஞ்சதுதானே" என்று முந்தின நாள் தேதியில் எழுதினோம். தேதியை ஒரு நாள் தள்ளியதும் இரண்டு வரைபடமும் அண்ணன் தம்பி மாதிரி ஆனது. அண்ணன் தம்பி என்றால் அச்சு அசல் ஒன்று இல்லை, இந்த மலையில் ஒரு வளைவு தாண்டினால் மழை மாறும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, கிழக்குச் சரிவில் இருக்கிற எங்களுக்கு அது செய்தியாகத்தான் வந்தது. எங்கள் மழை அக்டோபர், நவம்பரில். நீலகிரிக்கு இவ்வளவு மழை என்று ஒரே எண்ணைப் பிள்ளைகள் அறிக்கையில் எழுதினால் இப்போது அடித்துவிடுகிறேன்.

மனிதர்களிடம் போய்க் கேட்கிற ஆய்வு இன்னும் சிக்கல். ஒரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் சுற்றுலாப் பயணிகளிடம், "நீங்கள் ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கிறீர்களா?" என்று கேட்கவிட்டேன். யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் பேப்பரும் பேனாவுமாய் நின்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? ஏறக்குறைய எல்லோரும் தவிர்க்கிறார்கள். பத்தடி தள்ளி இருந்த குப்பைத் தொட்டியில் வேறு கணக்கு இருந்தது. அப்புறம் கேள்வியைத் தூக்கிப்போட்டுவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு தொட்டியை எண்ணினார்கள், கூடவே யாரிடம் கேட்டோம் என்பதையும் பார்த்தோம். தமிழ் பேசுகிற, சிரித்த முகமான, குழந்தையோடு வந்த குடும்பங்களிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். கேரளா, கர்நாடகா வண்டியில் வந்தவர்கள் பக்கமே போகவில்லை. கூச்சம். ஐந்தாவதாக இறங்குகிறவர், பத்தாவதாக இறங்குகிறவர் என்று எண்ணிக் கேட்கச் சொன்னால் கூச்சத்துக்கு இடமில்லை, ஒருவர் மறுத்தால் 'மறுத்தார்' என்று எழுத வேண்டும். வண்டி எண்ணுகிற புராஜெக்ட்டில் இன்னொன்று: 2024 மே 7-இலிருந்து மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது, அதற்கு முந்தின மே மாத எண்ணிக்கையோடு ஒப்பிட்டு 'கூட்டம் குறைந்துவிட்டது' என்று எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்து எழுதட்டும்.

இரண்டாம் வருஷம் அதே போட்டிக்குப் போனோம். நடுவர் வேறு ஆள். எங்கள் சார்ட்டில் இந்த முறை கொட்டை எழுத்தில் எதுவும் இல்லை; சோலைக்கும் தேயிலைச் செடியடிக்கும் எங்களால் உறுதியாக வித்தியாசம் சொல்ல முடியவில்லை, தடம் மட்டும் எல்லாவற்றையும்விட மெதுவு, கற்பூரக் காடு எந்த மாதம் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது, இவ்வளவுதான். நடுவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா, முடிவே இல்லையே?" என்றார். கயிறு யோசனை சொன்ன பெண் குறிப்பேட்டைத் திறந்து கோடு போட்ட கட்டங்களைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள், எலி வளை வரை வந்தபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பரிசு வேறொரு பள்ளிக்குத்தான் போனது, சோலார் மாடல் ஒன்றுக்கு.

மழைமானி இன்னும் இருக்கிறது. தினமும் 8.30-க்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். போன வாரம் பதிவேட்டைப் புரட்டினேன். 19-ஆம் தேதிக்கு நேரே ஒரு கோடு, பக்கத்தில் காரணம்: "அளவு இல்லை. ராத்திரி காட்டுமாடு வந்து பாட்டிலை மிதித்துவிட்டது. மழை பெய்தது, எவ்வளவு என்று தெரியாது."